சுரைக்காயின் மீது வந்த பிரியம்



"இந்த ஆணம் எனக்கு வேண்டாம்", "கீரை கசக்கும்" என்று பிள்ளைகள் ஸுப்ராவை விட்டு எழுந்து ஓடுவதும், உம்மாமார் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போவதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. சில வீடுகளில் இது அடியிலும் அழுகையிலும் போய் முடிகிறது. அல்லாஹ் அளித்த ரிஜ்க், வீட்டில் சண்டைக்குக் காரணமாகலாமா? இதில் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு நமக்குக் காட்டும் வழியைப் பார்ப்போம்.

ஒரு தையற்காரர் பெருமானாரை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த ஆணமும் வைத்தார். பெருமானார் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடியெடுத்து உண்பதை, உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டதென்று அவர்களே அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அங்கே வற்புறுத்தல் இல்லை, உபதேசமும் இல்லை. பிரியத்துக்குரியவர் பிரியமாக உண்டார்கள். பார்த்தவரின் மனம் தானே அதன்பால் சென்றது.

வாப்பா பாகற்காயை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, மகனைப் பார்த்து "சாப்பிடு" என்றால் அவன் எதைக் கற்பான்? "இதென்ன ஆணம்?" என்று வாப்பா முகம் சுளித்தால், நாளை மகனும் சுளிப்பான். பெருமானார் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். சமைத்த உடும்பு முன்னே வைக்கப்பட்டபோது, தம் ஊரில் இல்லாத உணவென்பதால் மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். அதை உண்ட காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தடுக்கவுமில்லை. ஆகவே, பழகாத உணவுக்கு மனம் தயங்குவது குற்றமல்ல. உணவை இகழ்வதே தவறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம்.

2 வயது முதல் 6 வயது வரை புதிய உணவுக்கு அஞ்சுவது பிள்ளைகளின் இயல்பு என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஓர் உணவு பழகுவதற்குப் பத்துப் பதினைந்து முறைகூட அதைக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு முறை மறுத்ததும் "இவனுக்குப் பிடிக்காது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிச் செய்யாமல், பழகிய சோற்றுக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரையை ஒரு விரல்நுனியளவு வைப்போம். தொட்டாலும் சரி, முகர்ந்தாலும் சரி. மறுத்தால் கோபிக்காமல், சில நாள் கழித்து மீண்டும் வைப்போம். பெரியவர்களோடு ஒரே ஸஹனில் உட்கார வைப்போம். உமர் பின் அபீஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை தட்டெங்கும் உலாவியபோது, பெருமானார் அவரைத் தம்முடன் வைத்துக்கொண்டே பிஸ்மி சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தம் பக்கத்திலிருந்து உண்ணவும் கற்பித்தார்கள்.

இன்னொன்று. "சாப்பிட்டால் மிட்டாய் தருவேன்" என்று சொல்லிக் கொடுக்காமல் விடுவது பொய்யாகும். எதையோ தருவதாகத் தம் பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யென எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் எச்சரித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. கொடுத்தாலும், மிட்டாய் உயர்ந்தது, கீரை தண்டனை என்றே பிள்ளை எண்ணும்.

எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஓர் உணவால் உடம்பில் தடிப்பு கண்டாலோ பிடிவாதமென்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுவோம்.

இன்றிரவு ஸுப்ரா விரிக்கும்போது பிஸ்மியுடன் முதல் கவளத்தை நாமே மலர்ந்த முகத்தோடு உண்போம். நம் மக்களின் ரிஜ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.