இல்லாமையின் வகைகள்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் குடிவைத்திருக்கும் ஒருவர், இடம் போதவில்லை என்று விண்டோஸின் பக்கத்திலிருந்து லினக்ஸுக்குரிய பிரிவை நீக்கிவிட்டு மறுபடி கணினியை இயக்கினால், கறுத்த திரையில் 'அத்தகைய பிரிவு இல்லை' என்று பொருள்படும் ஒரு வரியும், அதன்கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்ற குறியும் மட்டும் தோன்றி நிற்கும். பெங்களூர்வாசிகளுக்கு இது புதிய காட்சியன்று. 1996இல் பிசிக்வெஸ்ட் பத்திரிகை தன் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகட்டை வழங்கிய காலந்தொட்டு, 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்னும் மாநாடு இந்நகரில் கூடிய காலத்தைக் கடந்து, இன்றுவரையில், இரு இயங்குதளங்களை அருகருகே வைத்துப் பழகும் இளைஞர்களும், அவ்விரண்டின் எல்லைத் தகராற்றில் சேமித்ததை இழந்துவிட்டு, எஸ்.பி. ரோடு என்றால் மட்டுமே ஆட்டோக்காரருக்கு விளங்கும் சாதர் பத்ரப்பா ரோட்டுக் கடைகளில் ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக நிற்பவர்களும் இங்கே குறைந்தபாடில்லை.

இயந்திரம் சொல்லும் அந்த 'இல்லை'யை நம் தர்க்க சாஸ்திரிகள் அப்படியே ஏற்றிருக்கமாட்டார்கள். எந்த இல்லை என்று முதலில் கேட்டிருப்பார்கள். நியாய வைசேஷிகர் இல்லாமையை நான்காகப் பகுத்தனர்: குடம் வனையப்படுமுன் அது இல்லாதிருந்த பிராகபாவம், உடைந்தபின் இல்லாமற்போகும் பிரத்வம்ஸாபாவம், காற்றில் நிறம் என்றுமே இல்லாமையாகிய அத்யந்தாபாவம், குடம் துணியன்று என்னும் அந்யோந்யாபாவம். இவற்றுள் இரண்டாவதற்கு அவர்கள் வகுத்த இலக்கணம் கேட்கவே அச்சந்தருவது: அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை. உடைந்ததைப்போல வேறொரு குடம் செய்துகொள்ளலாம்; அந்தக் குடம் திரும்பாது. குழந்தையின் முதற் பிறந்தநாள் படங்களும், பல வருஷத்து ஆராய்ச்சிக் குறிப்புகளும் இருந்த பிரிவு இல்லையென்று கேட்டமாத்திரத்தில் ஒருவர் வெலவெலத்துப் போவது இந்த முடிவில்லாத இல்லாமையை எண்ணித்தான்.

ஆனால் அங்கே நடந்ததோ மிக அற்பமான காரியம். பழைய முறையில் அமைந்த டிஸ்க்கின் முதற் செக்டர் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் கணினியை எழுப்பும் நிரலுக்கும், கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கும் போக, நடுவே எஞ்சும் 64 பைட்டே பிரிவு அட்டவணை. பிரிவொன்றுக்கு 16 பைட்டாக நான்கு பிரிவுகளின் தொடக்கமும் நீளமும் வகையும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். பிரிவை நீக்குவதென்பது இந்தக் குறிப்பை நீக்குவதேயன்றி வேறில்லை. அது சுட்டிய கோடிக்கணக்கான பைட்டுகள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கின்றன. ஜிபிடி என்னும் புதிய முறையில் அட்டவணையின் பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. முன்னது சிதைந்தால் பின்னது உதவும்; ஆனால் நாமே நீக்கினால் இரண்டிலும் நீங்கிவிடும்.

இந்த இடத்தில் ஸாங்கியருக்கு உற்சாகம் பிறக்கும். காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் உள்ளது, நாசம் என்பது காரணத்தில் ஒடுங்குதலே என்பது அவர்களுடைய ஸத்காரியவாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்திலேயே, உலகம் எதில் ஒடுங்கிற்றோ அதிலிருந்தே மீளத் தோன்றும் என்று நிறுவினார். அட்டவணை அழிந்த டிஸ்க் அவ்வாறு ஒடுங்கிய உலகமே. அதனை மீளத் தோற்றுவிக்கப் பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச நிரல் செய்வதோ சுத்தமான அநுமானம். அது டிஸ்க் முழுவதையும் நடந்து பார்த்து, லினக்ஸின் கோப்பு முறைமை தன் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கையும், விண்டோஸ் பிரிவு தன் முதற் செக்டரிலும் அதன் பிரதியாகக் கடைசிச் செக்டரிலும் பொறித்திருக்கும் பெயரையும் கண்டு, 'புகை இருப்பதால் நெருப்பு உண்டு' என்பதுபோல எல்லைகளை ஊகிக்கிறது. போலிக் காரணமாகிய ஹேத்வாபாஸமும் இல்லாமலில்லை: என்றோ அழித்துப் பிரித்த பழைய பிரிவுகளின் சின்னங்களும் அகப்பட்டு, ஒன்றன்மேலொன்று ஏறிய எல்லைகளைத் திரை காட்டும்போது, எது மெய், எது ஆபாஸம் என்று துணிவது மனிதன் பொறுப்பாகிறது.

எஸ்.பி. ரோட்டில் விஷயமறிந்த கடைக்காரர் விலை சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்பார்: "அப்புறம் இதுல எதையாவது போட்டீங்களா சார்?" நீக்கியது யார், எப்படி என்பதில் அவருக்கு அக்கறையில்லை, நீக்கியபின் எழுதினீர்களா என்பதொன்றே அவருக்கு வேண்டும். பதற்றத்தில் இயங்குதளத்தை மறுபடி நிறுவியவர்களே பெரும்பாலும் எல்லாவற்றையும் இழந்தவர்கள். மேலே புதியது எழுதப்பட்ட செக்டரிலிருந்து பழையதை எடுக்க இன்று நடைமுறையில் வழி ஏதுமில்லை. அங்கே ஸாங்கியர் தலைகுனிய, நையாயிகரின் பிரத்வம்ஸாபாவம் முழு உரிமையோடு வந்து அமர்கிறது. தகடு இருக்கிறதே, காந்தம் இருக்கிறதே என்று ஸாங்கியர் வாதிக்கலாம். படத்தை இழந்த தாய்க்கு அந்தக் காந்தத்தால் என்ன ஆறுதல்?

இவ்விரு கட்சிக்கும் நடுவே, பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் உள்ள மேலுக்கோட்டையில் பல வருஷங்கள் வாழ்ந்த ராமாநுஜருடைய ஸம்பிரதாயத்தின் விடையே எனக்கு இவ்விஷயத்தில் பொருத்தமாகப் படுகிறது. தோற்றமும் நாசமும் ஒரே திரவியத்தின் அவஸ்தைகள்; ஒன்றின் அபாவமென்பது வெறும் சூன்யமன்று, இன்னொன்றின் பாவமே; குடத்தின் நாசம் என்பது ஓட்டின் நிலை. டிஸ்க்கில் வெற்றிடம் என்று எதுவும் கிடையாது. பூஜ்யங்களால் நிரப்பினாலும் பூஜ்யமும் ஓர் எழுத்தே. முந்தியதை அழிப்பது நீக்குதலன்று, பிந்தியதன் வரவு. பிரளயத்தில் உலகம் நாமரூப விபாகமின்றி சூக்ஷ்மமாய் இருக்கிறதென்று அவர் கூறியதற்கும் கண்கண்ட உதாரணம் கிடைக்கிறது. கோப்பு முறைமையே சிதைந்தபோது, டெஸ்ட்டிஸ்க்கின் துணையான ஃபோட்டோரெக், கோப்புகளின் உள்ளமைப்பை மட்டுமே கொண்டு அவற்றைப் பிடித்திழுத்து வெளியே போடும். ரூபம் வந்துவிடும், நாமம் வராது. 'எஃப்' என்ற எழுத்தும் அதன்பின் ஒரு நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கான படங்கள், திருப்பதியும் மைசூரும் கல்யாண மண்டபமும் ஒரே குவியலாக வந்து விழும். கோப்பின் பெயர் கோப்பினுள் இருப்பதில்லை, அதன் கோப்புறைக் குறிப்பில்தான் இருந்தது என்ற செய்தி பலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. பெயரிட வேண்டியவர் உரியவரே. டிஸ்க்குக்கு அந்த ஞாபகம் இல்லை.

சுழலும் தகட்டில் இவ்வளவு விசாரத்துக்கு அவகாசம் இருந்தது. இப்போது வரும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. பிரிவை வடிவமைத்தவுடனோ கோப்பை அழித்தவுடனோ இயங்குதளம் 'ட்ரிம்' என்னும் கட்டளையை அனுப்பிவிட, அதன்பின் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தையே திருப்பித் தருகின்றன. உள்ளே சில்லில் பழைய மின்னேற்றம், துப்புரவு நடக்கும்வரை, அப்படியே இருக்கக்கூடும். இருக்கிறது, ஆனால் எவருக்கும் காட்டப்படுவதில்லை. மேயத்தின் ஸித்தி பிரமாணத்துக்கு அதீனம் என்பவர், அறிய வழியில்லாததை இல்லையென்றே தள்ளுவார். ஈசுவரகிருஷ்ணரோ ஸாங்கிய காரிகையில், உள்ள பொருளும் புலப்படாமைக்கு எட்டுக் காரணங்களை அடுக்கியிருக்கிறார்: மிகுந்த தூரம், மிகுந்த அண்மை, புலன் பழுது, மனம் ஊன்றாமை, நுண்மை, மறைப்பு, பிறிதொன்றால் அடங்குதல், ஒத்தவற்றோடு கலத்தல். ட்ரிம் செய்யப்பட்ட அந்தச் சில்லை நான் மறைப்பு என்பதன்கீழ்ச் சேர்ப்பேன். துப்புரவு முடிந்த மறுகணம் அவ்விடத்தை நையாயிகருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அந்தக் கணம் எப்போது வந்தது என்று சொல்ல எஸ்எஸ்டிக்கு வெளியே ஆளில்லை.