தண்ணீர் தானமா, உரிமையா?

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றவும் தண்ணீர், குடிக்கவும் தண்ணீர். கமண்டல நாக நதியோ மழையை நம்பிய ஆறு.

அருகே படவேட்டில் கோயில் கொண்ட ரேணுகாம்பாள், கதைப்படி பச்சை மண் குடத்தில் நீர் சுமந்தவள். இப்படி நீரைப் போற்றும் நம் மரபு, தண்ணீர்ப் பந்தல் வைப்பதை அறமென்றது. ஆனால் தானத்தில் வாங்குபவர் கை தாழ்கிறது. தாகத்துக்கு அந்தத் தாழ்வு எதற்கு?

2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் குடிநீர்க் குழாய்த் திட்டம் கிராமங்களுக்கு வேறு வழி காட்டியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அரசு மானியத்தோடு, ஊருக்குள் அமையும் கட்டமைப்புச் செலவில் பொதுவாக 10 சதவீதம் மக்கள் பங்கு, உழைப்பாகவும் தரலாம். திட்டமிடும் ஊர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள்.

ஏழைக்கு அந்தப் பங்கு சுமைதான். ஆனாலும் குழாய் எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று கேட்கும் உரிமை அதோடு வருகிறது. ஊர்க்கோடிக் காலனிப் பெண்ணே அதை முதலில் கேட்கவேண்டும்.