முகம் பார்த்துப் பரிமாறலாமா?

ஒரே உணவுக்கடையைப் பற்றி இருவர் இருவிதமாகப் பேசுவதை வர்த்தகர்களாகிய நாம் அடிக்கடி கேட்கிறோம். "அங்கே சாப்பிட்டால் வேறெங்கும் போக மனம் வராது" என்கிறார் ஒருவர். "அந்தப் படியை இனி மிதிக்கவே மாட்டேன்" என்கிறார் மற்றவர். இருவருள் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் பெரும்பாலும் இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கும். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

பினாங்கின் நாசி கண்டார் கடைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுட் பல, தகப்பன், மகன், மருமகன் என ஒரே குடும்பத்தார் நடத்துபவை. 1907-இல் தோன்றிய ஹமீதியா போன்றவை நூறாண்டைத் தாண்டியும் நிற்கின்றன. தட்டில் சோறும், கோழியும், மீன் முட்டையும், வெண்டைக்காயும் வைத்து, பல ஆணங்களை மேலே கலந்து ஊற்றுவார்கள். பின்னர் ஒருவர் தட்டைப் பார்த்து விலை சொல்வார். தராசு இல்லை, படி இல்லை. பல கடைகளில் கண்தான் தராசு.

குடும்பக் கடையில் சுவை மாறுவது இயல்பு. சமைக்கும் பெரியவர் நோயில் படுத்தால் ஆணம் முன்போல் இராது. பகல் 12 மணிக்கு இருந்த நல்ல துண்டு மாலை 4 மணிக்கு இராது. இதில் ஏமாற்றம் உண்டு, அநீதி இல்லை. ஆனால் அந்தக் கண், தட்டைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் அநீதி அங்கே பிறக்கிறது. தெரிந்தவருக்கு 8 வெள்ளி, அதே தட்டு புதியவருக்கு 14 வெள்ளி என்றால், ஒருவர் புகழ்வதும் மற்றவர் இகழ்வதும் நியாயமே.

"பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு துண்டு கூட வைப்பது குற்றமா? என் பொருளை நான் கொடுக்கிறேன்" என்று கடைக்காரர் கேட்கலாம். குற்றமில்லை. 20 வருஷமாக மழையிலும் வெயிலிலும் வந்தவருக்கு நன்றி காட்டுவது மனிதத் தன்மை. ஆயினும் அந்தத் துண்டு யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று பார்க்கவேண்டும். தம் இலாபத்திலிருந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. புதியவரிடம் கூட்டி வாங்கி அதை ஈடுகட்டினால், அது பிறர் பணத்தில் செய்யும் உபசாரம்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, கொடுத்த காசை ஒப்பிட்டுக் காரணம் கேட்டால், நாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "இவர் நெடுநாள் வாடிக்கை, அதனால் கழித்துக்கொண்டேன்" என்று சொல்லலாம். "நீங்கள் வெளியூர், திரும்பி வரமாட்டீர்கள், அதனால் கூட்டினேன்" என்று சொல்ல நா எழாது. சொல்லக் கூசும் காரணத்தைக் கொண்டு ஒன்றைச் செய்யவும் கூசவேண்டும்.

வாடிக்கைக்காரருக்கு விலை தெரியும். தவறினால் தட்டிக் கேட்பார். புதியவரோ நம்மை நம்பி உண்கிறார். உண்ட பிறகு கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நம்மைச் சரிபார்க்க முடிந்தவரிடம் காட்டும் நாணயம் பாதி நாணயமே. சரிபார்க்க முடியாதவரிடம்தான் அது முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்ளை இலாபத்தைத் தடுக்கிறது. எனினும் ஒவ்வொரு கரண்டியையும் எந்தச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்?

'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டைக் குறிக்கும் சொல். அந்நாளில் நம் முன்னோர் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் ஆணத்தையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றனர். ஒரு பக்கம் கனத்தால் நடை தள்ளாடும். அவர்களும் இக்கரையில் புதியவர்களாகவே வந்து இறங்கினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே சகோதரர்களே, விலையை எழுதி மாட்டுவோம். கேட்பவருக்கு உண்ணுமுன் சொல்வோம். சலுகை தருவதாயின் சலுகை என்றே சொல்லித் தருவோம். கல்லாவில் தகப்பன் இருந்தாலும் மகன் இருந்தாலும் அதே தட்டுக்கு அதே விலையாக இருக்கட்டும். உணவுக்கடை வைத்திருப்போருக்கு மட்டுமல்ல, துணி விற்போருக்கும் பணம் மாற்றுவோருக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.