திட்டமும் அதன் காரணமும்

கல்முனைக்கு மேற்கே, கடலோரத்தை விட்டுச் சற்று உள்ளே அமைந்தது நற்பிட்டிமுனை. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் அவ்வூரை வயல்வெளி அடுத்துள்ளது. அத்தகைய ஊரொன்றில், வயலை மகனிடம் ஒப்படைக்கும் தந்தை, “அடைமழைக்கு முன் விதைத்துவிடு” என்று மட்டும் கூறினார் எனக் கொள்வோம். வெள்ளம் மூடுமுன் பயிர் வேர்கொண்டு நிமிரவேண்டும் என்ற காரணத்தை அவர் கூறவில்லை. ஓராண்டு மழை முந்திவிடுகிறது. மகன் வழமையான நாளிலேயே விதைக்கிறான்; பயிர் அழுகுகிறது. குற்றம் யாருடையது? சொன்னதைச் செய்த மகனுடையதா, காரணத்தைத் தன்னோடு வைத்துக்கொண்ட தந்தையுடையதா?

அறவியலார் கேட்கவேண்டிய இவ்வினா, எதிர்பாராத ஓரிடத்தில் நுணுக்கமாக ஆராயப்பட்டது. ஆந்திரத்திற் பிறந்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1983 இல் பட்டம் பெற்ற சுப்பராவ் கம்பம்பாட்டி, அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் றோபோக்களின் செயற்றிட்டம் பற்றி ஆராய்ந்தார். லாரி டேவிசுடன் சேர்ந்து 1986 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நடமாடும் றோபோ தன் பாதையைக் காணும் முறை பற்றியது. நிலப்படம் நான்கு சதுரங்களாகப் பிரிக்கப்படும். முழுதும் திறந்த சதுரமும் முழுதும் அடைபட்ட சதுரமும் அப்படியே விடப்படும். இரண்டுங் கலந்த சதுரம் மட்டுமே மீண்டும் நான்காகும். தெளிவான இடத்தில் வீணே சிந்தியாது, ஐயத்திற்குரிய இடத்திற் சிந்தனையைச் செலவிடும் சிக்கனம் அது.

அவரது கலாநிதிப் பட்ட ஆய்வு 1989 இல் நிறைவெய்தியது. பழைய திட்டமொன்று கையில் இருக்கிறது. புதிய பணி அதனைப் பெரிதும் ஒத்ததாயினும் முற்றும் ஒத்ததன்று. பழையதை எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா, அதனைக் கண்மூடிப் பின்பற்றுவதா? இரண்டும் வேண்டா என்பதே அவ்வாய்வின் விடை. பிரையர் எனப் பெயரிடப்பட்ட அவரது கணினி முறைமை, திட்டத்தின் படிகளை மட்டும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு படியும் எந்நிலையை உண்டாக்குகிறது, அந்நிலை பின்வரும் எப்படிக்குத் தேவைப்படுகிறது, அது எவ்விலக்கிற்கு உதவுகிறது என்னும் தொடர்புகளையும் சேமிக்கிறது. கட்டைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கும் பணியை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கட்டையை வெறுமையாக்குவதற்கென ஒரு படி இருந்தது. புதிய பணியில் அக்கட்டை ஏற்கெனவே வெறுமையாயுள்ளது. படியின் காரணம் பதிவிலிருப்பதால் அப்படி தேவையற்றதெனக் கண்டு நீக்கப்படும். அறுந்த தொடர்பு எங்குண்டோ அங்கு மட்டும் புதிய படி சேர்க்கப்படும், எஞ்சியவை நிலைக்கும். இவ்வெண்ணத்திற்கு முன்னோடியும் உண்டு. ஷேக்கி என்ற றோபோவுக்காக வைக்ஸ், ஹார்ட், நில்சன் ஆகியோர் 1972 இல் அமைத்த அட்டவணையும், எஞ்சிய படிகள் நிறைவேற எவை மெய்யாயிருக்கவேண்டும் என்பதைப் படிகளுடனேயே எழுதிவைத்தது.

காரணத்தை மறைத்து முறையை மட்டும் கையளிப்பவன், பெறுபவனிடமிருந்து திருத்தும் ஆற்றலையே பறித்துவிடுகிறான். மகனின் கீழ்ப்படிவு குணமாகப் போற்றப்படலாம். ஆயினும், மழை முந்திய ஆண்டில் அக்கீழ்ப்படிவு தந்தையின் நோக்கத்திற்கே மாறாக நின்றது. ஆகவே குற்றத்தின் பெரும்பங்கு தந்தையைச் சாரும். எனினும் கேட்டறிய வாய்ப்பிருந்தும் கேளாத மகனை முற்றாக விடுவித்தலும் இயலாது.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் இயந்திரத்தை மிகைபடப் புகழ்ந்ததாக முடியும். பிரையர் தன் படிகளின் காரணத்தை அறியும். தன் இலக்கின் காரணத்தை அறியாது. இலக்கு பிறர் கொடுத்தது. இக்குறைபாடு மனிதர் வகுக்கும் திட்டங்களிலும் உண்டென்பதற்குக் கல்முனைக் கடற்கரையே சான்று. 2004 டிசம்பர் 26 இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அடுத்து அரசு கரையோரத் தடைவலயமொன்றை அறிவித்தது; வடக்கிலும் கிழக்கிலும் அதன் அகலம் 200 மீற்றர். காரணம் மறைக்கப்படவில்லை: உயிர்ப்பாதுகாப்பு. அக்காரணம் பொய்யுமன்று. ஆனால் தோணியையும் வலையையும் கண்ணெதிரே வைத்திருக்கவேண்டிய மீனவனின் காரணம் அத்திட்டத்தில் எழுதப்படவில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழ்வோர், 200 மீற்றர் பின்வாங்கி எங்கே குடியேறுவர் என்பதும் எழுதப்படவில்லை. 2005 முடியுமுன் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. பல குடும்பங்கள் அதுவரை முடிவின்றிக் காத்திருந்தன.

எனவே காரணத்தைப் பதிவுசெய்தால் மட்டும் போதாது. யாருடைய காரணம் பதியப்படுகிறது என்ற வினா எஞ்சுகிறது. கட்டைகள் தமக்கென ஏதும் விரும்புவதில்லையாதலால் கணினிக்கு இவ்வினா எழவில்லை. குடியிருப்புகளுக்குத் திட்டம் வகுப்போர் அதனைத் தவிர்த்தல் இயலாது.

நற்பிட்டிமுனையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள மருதமுனையில், ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என வழங்கும் குடியிருப்பொன்று உண்டு. கடலிலிருந்து அளந்த ஓர் எல்லையின் எண், இன்று கடிதங்களில் எழுதப்படும் முகவரி. பேரலைக்குப் பின் பிறந்தோர் இப்போது பல்கலைக்கழகம் புகும் வயதினர். அவ்வெண் எங்ஙனம் வந்தது என அவர்கள் வீட்டிலே கேட்டால், 200 ஏன் தளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடிய பெரியோர் இன்னும் உள்ளனர்.