யார் செய்த குற்றம்?

நம் மறைமாவட்டத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில், ஞாயிறு திருப்பலி முடிந்தபின், மூன்றாவது பெண் மகவின் திருமுழுக்குக்காகக் காத்திருந்த ஒரு தாயைக் கண்டோம். பட்டுச் சேலை உடுத்தித் தலை குனிந்து நின்றிருந்தார். உறவுக்கார மூதாட்டி ஒருவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "வெசனப்படாதே கண்ணு. கருமத்தம்பட்டி மாதாவுக்கு நேர்ந்துக்கோ, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்றார்.

ஆறுதல் என்பது இழந்தவருக்குச் சொல்லப்படுவது. அங்கே எவர் எதை இழந்தார்? குழந்தை கொழுகொழுவென்று உறங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் அத்தாய் பிழை செய்தவர் போலவே நின்றார். சுற்றி நின்ற நாமும் அவரை மன்னிக்கும் முகத்தோடு நின்றோம். தோட்டமும் தறியும் கோழிப்பண்ணையும் ஆண் வாரிசின் கைக்கே போகவேண்டும் என்ற எண்ணம் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை.

அத்தாய் குற்றமற்றவர் என்பது நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவாகிவிட்டது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நெட்டி ஸ்டீவன்ஸ், மாவில் வாழும் ஒரு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஆண் வண்டிடம் மட்டும் ஒரு குரோமோசோம் மிகச் சிறிதாக இருப்பதைக் கண்டார். அவர் ஒரு பெண் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மனிதரிலும் தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது; தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸையும் மறுபாதி ஒய்யையும் சுமக்கின்றன. ஒய்யில் இருந்து ஆண்மையைத் தொடங்கிவைக்கும் மரபணுவை 1990இல் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பாட்ஜ் ஆகியோரின் லண்டன் ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. எஸ்.ஆர்.ஒய். என்பது அதன் பெயர். மறு ஆண்டே, இரண்டு எக்ஸ் கொண்ட சுண்டெலிக் கருவில் அதைச் செலுத்தியபோது அந்த எலி ஆணாக வளர்ந்தது.

இதைக் கற்ற நம்மில் சிலர், திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் பள்ளிகளிலும், "பெண் பிறந்தால் அதற்குக் காரணம் தாயல்ல, தந்தையே" என்று சொல்லி வருகிறோம். நல்லெண்ணத்தோடு சொல்கிறோம். ஆனால் கோடிக்கணக்கான விந்தணுக்களுள் எது முந்த வேண்டும் என்று எந்தத் தந்தை தேர்ந்தார்? தள்ளுபடி செய்ய வேண்டிய வழக்கை நடத்திக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறோம். பெண் பிறப்பு ஒரு குறை என்ற நினைப்பு அப்படியே இருக்கிறது.

அந்நினைப்பு பாமரருடையது மட்டுமன்று. நம் திருச்சபையின் பேரறிஞர் புனித தாமஸ் அக்குவினாரும், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, தனி உயிர் என்ற அளவில் பெண் ஏதோ ஒரு குறையால் விளைபவள் என்றே எழுதினார். ஈரமான தென்றல் காற்றும் அதற்குக் காரணமாகலாம் என்றார். படைப்பு முழுமையை நோக்கினால் பெண் இறைவனின் திட்டத்திலேயே இருப்பவள் என்று அவர் சேர்த்ததையும் மறைக்கக் கூடாது. அறிவியலும் இத்தடத்தில் நெடுநாள் நடந்தது. 1940களில் ஆல்பிரெட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், கருவிலிருந்த முயல்குட்டிகளின் பாலுறுப்புச் சுரப்பிகளை அகற்றியபோது எல்லாக் குட்டிகளும் பெண் உடலோடு வளர்ந்தன. எனவே ஆண் ஆக்கப்படுகிறான், பெண்ணோ ஒன்றும் நிகழாதபோது எஞ்சி நிற்பவள் என்று பலர் எண்ணினர். ஆனால் சூலகம் அப்படி எஞ்சி நிற்கும் பொருளன்று. அது உருவாகத் தனி மரபணுக்கள் உழைக்கின்றன. அவ்வுழைப்பு பிறப்போடும் முடிவதில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஒரே ஒரு மரபணுவை நீக்கியதும் அங்குள்ள உயிரணுக்கள் விந்துச் சுரப்பியின் உயிரணுக்களைப் போல மாறத் தொடங்கின. பெண்மை நாள்தோறும் காக்கப்படுவது.

மனிதக் கருவோ முதல் ஆறு வாரங்கள் வரை இரு வழிக்கும் ஆயத்தமாகவே இருக்கிறது. ஒரே மேட்டுத் திசு விந்துச் சுரப்பியாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். ஆணுக்குரிய நாளமும் பெண்ணுக்குரிய நாளமும் அருகருகே ஓடுகின்றன. நாம் எல்லாருமே அப்படி ஒரு பருவத்தைக் கடந்து வந்தவர்கள்தாம்.

அறிவு வந்தால் கொடுமை போகும் என்று நம்பியிருந்தோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நம் கொங்கு மண்ணைச் சேர்ந்த சேலத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகள் இருக்க, சேலம் மாவட்டத்தில் 851 பேரே இருந்தனர். கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் கல்லாதவருக்காக மட்டும் வந்ததன்று. ஸ்கேன் செய்து பார்க்கச் செல்பவருக்கு எக்ஸும் ஒய்யும் தெரியும், பணமும் உண்டு.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனதா, பெற்றோரதா என்று கேட்டதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பெண்மையைப் பார்வையின்மையோடு ஒப்பிடவில்லை, அவ்வொப்பீடே தவறு. கேள்வியின் வடிவைத்தான் கவனிக்கிறோம். இயேசு அவ்விருவரில் ஒருவரைத் தேர்ந்து சொல்லவில்லை. கேள்வியையே ஏற்க மறுத்தார்.

அன்று பங்குத்தந்தை வாசலுக்கு வந்தார். திருமுழுக்குச் சடங்கில் பெற்றோரிடம் முதலில் கேட்கப்படுவது குழந்தையின் பெயர். அத்தாய் சொன்ன பெயர் எவர் காதிலும் விழவில்லை. ஞானத்தாய்தான் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.