‘ஐ அக்ரீ’ என்னும் கைநாட்டு

சம்மதம் என்றால் என்ன?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் வருஷத்தது. அதன் 13-ஆவது பிரிவு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால் அது சம்மதம். அவ்வளவுதான். மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம். ஆனால் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், இத்தனை வருஷமாக நாம் கொடுத்த சம்மதங்களில் எத்தனை தேறும் என்று சந்தேகமாக இருக்கிறது.

வீடியோ பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு மொபைலைத் தொட்டால் படம் ஓடுகிறது. ஆரம்ப காலத்து பிரவுசருக்கு எழுத்து தெரியும், அசையாத படம் தெரியும். சினிமா காட்டத் தெரியாது. அதற்கென்று வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து உள்ளே உட்கார வைக்கவேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் பிளக்-இன். ரியல் பிளேயர், குவிக்டைம், சில்வர்லைட் என்று பல பேர் வந்தார்கள். எல்லோரையும் ஓரங்கட்டியவர் ஃப்ளாஷ். 1996-இல் அசையும் படங்களுக்காகப் பிறந்து, மேக்ரோமீடியாவிடம் வளர்ந்து, 2005-இல் அடோபி கைக்குப் போனது. அதே 2005-இல் யூட்யூப் ஃப்ளாஷை நம்பித்தான் கடை திறந்தது.

அந்தக் காலத்து பிளக்-இன் பார்ப்பதற்கு பிரவுசருக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்கு உள்ள உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. ஃபைலைத் திறக்கலாம், எழுதலாம், வெளியே சேதி அனுப்பலாம். கூடத்தில் டி.வி. மாட்ட வந்தவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துச் செய்யவேண்டிய காரியம். அதை எப்படிச் செய்தோம் என்பதற்கு ஒரு கற்பனைக் காட்சி.

வருஷம் 2009. மேற்கு மாம்பலத்தில் ஒரு பாட்டி. பேரனுக்கு நியூஜெர்ஸியில், பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலில் கல்யாணம். அங்கே காலை 9.30-க்கு முகூர்த்தம் என்றால் இங்கே ராத்திரி 7. நெட்டில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாட்டி ஆறரைக்கே உட்கார்ந்தாயிற்று. படம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. பிளக்-இன் இல்லை, இங்கே க்ளிக் செய்யவும் என்கிறது.

மாடி வீட்டுப் பையன் ஓடி வருகிறான். டவுன்லோட் செய்கிறான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு ஃப்ளாஷ், ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு ஃப்ளாஷ். அவன் போட்டது மற்றது. மறுபடி டவுன்லோட். பிரவுசரை மூடினால்தான் இன்ஸ்டால் ஆவேன் என்று அடம். மூடுகிறான். ஆன்டி-வைரஸ் குறுக்கே வருகிறது. அதை நிறுத்துகிறான். ஃபயர்வால் தடுக்கிறதோ என்று அதையும் அணைக்கிறான். இப்போது சத்தம் வருகிறது, நாதஸ்வரம் கேட்கிறது, படம் இல்லை. ரைட் க்ளிக், செட்டிங்ஸ், ஹார்டுவேர் ஆக்ஸலரேஷன் என்ற டிக்கை எடு. ஊஹூம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து. மணி 6.55.

“என்னமோ கேக்கறதேடா கண்ணா?”

“ஒண்ணுமில்ல பாட்டி. சம்மதமான்னு கேக்குது.”

“எதுக்குச் சம்மதம்?”

“எல்லாத்துக்கும்தான்!”

க்ளிக். மாங்கல்யதாரணம் பார்த்தாயிற்று. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பையனுக்கு மைசூர்பாகு.

இதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். நல்ல காரியம், நல்ல பையன். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் அந்த ஒரு வரியை இங்கே வைத்துப் பாருங்கள். பாட்டி ஒப்புக்கொண்டது கல்யாணம் பார்க்க. கம்பெனி ஒப்புதல் வாங்கியது பல பக்க ஆங்கில ஷரத்துகளுக்கு. பாட்டி படிக்கவில்லை. பையனும் படிக்கவில்லை. டவுன்லோட் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் சாஃப்ட்வேருக்கும் முன்கூட்டியே டிக் அடித்த ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை எடுக்காவிட்டால் அதற்கும் சம்மதம். ஒரே விஷயம், ஒரே அர்த்தம் என்பது இதில் எங்கே இருக்கிறது?

அதே 2009-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நூறு பிரபல வெப்சைட்டுகளைச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஃப்ளாஷுக்குள் இருந்த தனி அலமாரியில் நம்மைப் பற்றிய குறிப்புகளைச் சேமித்து வைத்திருந்தன. பிரவுசரில் குக்கிகளை அழித்தால் இவை அழியாது. சில சைட்டுகள் நாம் அழித்த குக்கியை இதிலிருந்து எடுத்து மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டன. பாட்டிக்கு குக்கி தெரியாது, முறுக்குதான் தெரியும். ஆனால் காகிதப்படி பார்த்தால், பட்டன் அழுத்தியாயிற்று.

‘பிடிக்காவிட்டால் கேன்சல் அழுத்துவதுதானே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இது பழைய வாதம். அரசாங்கத்துக்குக் கட்டுப்பட நாம் எப்போது சம்மதித்தோம் என்ற கேள்விக்கு, 17-ஆம் நூற்றாண்டில் ஜான் லாக், நாட்டின் ராஜபாட்டையில் நடந்தாலே மௌனச் சம்மதம்தான் என்றார். 1748-இல் டேவிட் ஹ்யூம் இதற்கு ஒரு குத்து விட்டார். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, கண் விழித்ததும் ‘நீ கப்பலில்தானே இருக்கிறாய், ஆகவே கேப்டனுக்குக் கட்டுப்பட சம்மதித்துவிட்டாய், பிடிக்காவிட்டால் கடலில் குதி’ என்று சொல்வது சம்மதமா என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேன்சல் என்பது பாட்டிக்குக் கடல்தான்.

அவசரத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். இது திருடர்களுக்கும் தெரியும். 2008-இல் பரவிய கூப்ஃபேஸ் என்ற வைரஸ் பூட்டை உடைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் நண்பர் பெயரில் ஒரு சேதி வரும். வீடியோ பார்க்க அழைக்கும். போனால், ‘உங்கள் ஃப்ளாஷ் பழசு, புதுசைப் போடவும்’ என்னும். போட்டால் உள்ளே வருவது ஃப்ளாஷ் அல்ல. நாம் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகியிருந்தோம். பூம்பூம் மாட்டைத் திருட்டுப் பயல் வந்து கேட்டாலும் தலையாட்டத்தானே செய்யும்?

சரி, எல்லாவற்றையும் படித்துவிடலாமே? 2008-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆள் தான் போகும் வெப்சைட்டுகளின் பிரைவஸி கொள்கைகளை மட்டும் வார்த்தை விடாமல் படித்தால் வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும். வேலை, சாப்பாடு, தூக்கம் தனி. 2005-இல் பிசி பிட்ஸ்டாப் என்ற கம்பெனி தன் லைசென்ஸுக்கு நடுவே, இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு என்று ஒரு ஷரத்தை ஒளித்து வைத்தது. நாலு மாசம் கழித்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட டவுன்லோடுகளுக்குப் பிறகு, ஒருவர் எழுதினார். அவருக்கு ஆயிரம் டாலர் கிடைத்தது. படிப்பதால் பணம் வந்ததாக எனக்குத் தெரிந்த ஒரே லைசென்ஸ் இதுதான்.

ஆகவே நம்பித்தான் ஆகவேண்டும். உலகமே நம்பிக்கையில்தான் ஓடுகிறது. பஸ்ஸில் ஏறும்போது டிரைவரிடம் லைசென்ஸைக் காட்டு என்றா கேட்கிறோம்? இல்லைதான். ஆனால் பஸ் டிக்கெட்டின் பின்னால், இந்த டிரைவர் இனிமேல் உங்கள் வீட்டுக்கும் வந்து போவார் என்று பொடி எழுத்தில் இருப்பதில்லை.

வித்தியாசம் இங்கேதான். நம்பிக்கை வேறு, கையெழுத்து வேறு. நம்பி ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவருக்குப் பொறுப்பு கூடுகிறது. நம்மால் பார்க்க முடியாததையும் நமக்காக அவர் பார்க்கவேண்டும். கையெழுத்துப் போட்டால், போட்டவருக்குப் பொறுப்பு. ‘படித்துத்தானே போட்டாய்?’ என்று கேட்டுவிடலாம். ‘ஐ அக்ரீ’ பட்டனின் சாமர்த்தியம் என்னவென்றால், நம்மிடமிருந்து நம்பிக்கையாக வாங்கிக்கொள்கிறது, பிரச்னை வரும்போது கையெழுத்தாக எடுத்துக் காட்டுகிறது. என் வரையில் ஒழுக்கக் கேடு என்பது இதுதான்.

நீதிமன்றங்கள் இதைச் சில சமயம் கண்டுபிடித்திருக்கின்றன. நெட்ஸ்கேப் கம்பெனி ஸ்மார்ட் டவுன்லோட் என்று ஒரு பிளக்-இன்னை இலவசமாகக் கொடுத்தது. அது நாம் எந்தெந்த ஃபைலை இறக்குகிறோம் என்று கம்பெனிக்குக் கோள் சொல்வதாகச் சிலர் வழக்குப் போட்டார்கள். லைசென்ஸில் ஒப்புக்கொண்டீர்களே, கோர்ட்டுக்கு வரக்கூடாது, மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும் என்றது நெட்ஸ்கேப். 2002-இல் நியூயார்க்கில் அப்பீல் நீதிமன்றம் அந்தப் பக்கத்தைப் பார்த்தது. டவுன்லோட் பட்டன் திரையில் தெரிகிறது. லைசென்ஸ் பற்றிய சேதியோ கீழே உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். பட்டனை அழுத்தியது ஷரத்துகளுக்குச் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு. எழுதியவர் சோனியா சொட்டோமயோர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர்.

நம் ஊர் சட்டத்தில் இதைவிட அழகான வழக்கம் ஒன்று வெகுகாலமாக உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பத்திரம் எழுதி வாங்கினால், அதைப் படித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, புரிந்துதான் கைநாட்டு வைத்தார் என்று நிரூபிக்கவேண்டியது பலன் அடைந்தவரின் பொறுப்பு. பெருவிரல் ரேகை மட்டும் போதாது. கைநாட்டு என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் ஆளுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இந்தப் பாதுகாப்பு, டபுள் டிகிரி வாங்கிவிட்டு மவுஸைத் தட்டுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. படிக்கத் தெரிந்தவராயிற்றே! ஆனால் படிக்க முடியாத நீளத்தில், படிக்க விடாத நேரத்தில் நீட்டினால், அந்தக் காகிதத்துக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டுதான்.

மாடி வீட்டுப் பையனையும் அப்படியே விட்டுவிட முடியாது. அவன் அழுத்தியது பாட்டியின் சம்மதத்தை. இன்னொருவர் சார்பில் சொல்லும் ‘சரி’க்கு எல்லை உண்டு. 2008-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து, மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அவசர நிலை இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதமும் செல்லாது என்றது கோர்ட். ஒரு பிளக்-இன் ஆபரேஷன் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாக ‘எஸ்’ அடித்துக்கொண்டே போவதில் அந்தச் சாயல் இருக்கிறது. “பாட்டி, இது இனிமே உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். கூட இன்னொண்ணைத் திணிக்கப் பார்த்தது, எடுத்துட்டேன். ஆன்டி-வைரஸை நிறுத்தினேன், மறுபடி போட்டுட்டேன்.” மூன்று வாக்கியம், பத்து செகண்ட். சட்டம் கேட்காது. மரியாதை கேட்கும்.

ஃப்ளாஷ் இப்போது இல்லை. 2017-இல் அடோபி நாள் குறித்தது, 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் தானே எதையும் காட்ட மறுத்துவிட்டது. பிரவுசரே சினிமா காட்டக் கற்றுக்கொண்டது. பிளக்-இன் போனாலும் பட்டன் போகவில்லை. குக்கிக்குச் சம்மதமா, மைக்குக்குச் சம்மதமா, கான்டாக்ட்ஸைப் பார்க்கட்டுமா என்று மொபைலில் குடியேறிவிட்டது. 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமாக, விவரம் தெரிந்து, நிபந்தனையில்லாமல் கொடுப்பதாக இருக்கவேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதியும் வேண்டும். அதாவது, கேட்டால் தமிழிலும்.

நல்ல விஷயம். ஆனால் நாற்பது பக்க ஆங்கிலம் நாற்பது பக்கத் தமிழாக வந்தால் பாட்டிக்கு ஒரு லாபமும் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும், அதற்கேற்ப பட்டன் தயாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் எழுதியதை, முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “எதுக்குச் சம்மதம்?” என்று அவர் மறுபடி கேட்டால், நீங்கள் ஃபெயில்.