காவலுக்குக் கொடுக்கும் விலை

நம்மை நன்றாகப் பாதுகாக்கிற ஒருவர் அதற்கு ஈடாக நம்மிடம் எதைக் கேட்கலாம்? வரி கேட்கலாம், ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லலாமா? கொடுங்கோலரை வைத்து இதைக் கேட்டால் விடை எளிது. உண்மையிலேயே நன்மை செய்த ஒருவரை வைத்துக் கேட்கும்போதுதான் கேள்வியின் கனம் தெரிகிறது. அப்படி ஒருவர் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்தார். நம்மவர்களில் பலர் அமெரிக்காவில் முதல் வாடகை வீட்டை எடுத்த ஊர் அது.

ஃபிராங்க் ஹேக் 1913இல் அந்நகரின் பொதுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பேற்றார். காவல்துறை, தீயணைப்புத் துறை இரண்டும் அவர் கைக்கு வந்தன. சோம்பிக் கிடந்த காவல் படையை உலுக்கி வேலை வாங்கினார். அந்தப் பெயரே அவரை 1917இல் மேயராக்கியது. 1947 வரை முப்பது ஆண்டுகள் அந்த நாற்காலியை அவர் விடவில்லை. பெருமந்தம் வந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் அது. வேலையற்றோர் பெருகிய அந்த ஆண்டுகளில் காவல் படையை அவர் குறைக்கவில்லை. 1931இல் தன் தாயின் பெயரில் மகப்பேறு மருத்துவமனை திறந்தார். மத்திய அரசின் பணத்தில் எழுந்த மாபெரும் மருத்துவ மையத்தை 1936இல் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்து வைத்தார். காசில்லாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. நகர ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டவேண்டியிருந்தது. மேயரும் தன் சம்பளத்துக்குப் பொருந்தாத செல்வத்தோடு வாழ்ந்தார். ஆனாலும் மக்கள் வாக்களித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லத் தோன்றவில்லை. பசிக்கிற காலத்தில் மருத்துவரும் காவலரும் உடனே வருகிற ஊர் சின்ன விஷயமா?

‘நான்தான் சட்டம்’ என்று 1937இல் ஹேக் சொன்னது பிரபலம். எந்தச் சூழலில் சொன்னார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பள்ளிக்குப் போகாமல் பிடிபட்ட இரண்டு சிறுவர்கள் வேலைக்குப் போக விரும்பினார்கள். சட்டப்படி அவர்களுக்கு வேலை அனுமதி தர முடியாது என்றார் அதிகாரி. அப்போது வந்த பதில் அது. இரண்டு ஏழைப் பையன்களுக்கு உதவும்போது சொன்ன சொல். என்னை அச்சுறுத்துவது அந்தச் சூழல்தான். சட்டத்தை மீறும் பழக்கம் ஒருவருக்குக் கருணையின் வழியாகவும் வரலாம். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவதால் அது பழக்கம் என்றே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதே கை வேறொன்றையும் செய்தது. தெருவிலோ பூங்காவிலோ கூட்டம் நடத்தப் பொதுப் பாதுகாப்பு இயக்குநரின் அனுமதி வேண்டும் என்று 1930இல் நகரம் விதி செய்தது. கலவரம் வரும் என்று அவர் கருதினால் மறுக்கலாம். 1937இன் இறுதியில் சி.ஐ.ஓ. தொழிற்சங்கத்தார் துண்டறிக்கை கொடுக்க வந்தபோது கைதுசெய்யப்பட்டார்கள், நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டார்கள். 1938 ஏப்ரல் 30 அன்று, மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற நார்மன் தாமஸ் பேச வந்தார். காவலர்கள் அவரைப் பிடித்துப் படகேற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள்.

ஹேக்கின் தரப்பையும் சொல்லவேண்டும். வேலைநிறுத்தம் வந்தால் ஆலைகள் போய்விடும், ஆலைகள் போனால் ரொட்டி போய்விடும், வெளியூர்க்காரர்கள் மூட்டிவிட்டுப் போகும் தீயை உள்ளூர்க்காரர்கள்தான் அணைக்கவேண்டும். மந்த காலத்தில் இது வெறும் சாக்கு அல்ல. ஆனால் 1939இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. தெருவும் பூங்காவும் பேசவும் கூடவும் மக்களுக்காகக் காலங்காலமாக ஒப்படைக்கப்பட்டவை என்று நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஒழுங்கைக் காக்கும் கடமையைப் பேச்சைத் தடைசெய்து தீர்த்துக்கொள்ளக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். பேசுபவரை அடிக்க ஒரு கும்பல் வந்தால் காவலர் தடுக்கவேண்டியது கும்பலை.

நான் கணினித் துறையில் ஆலோசகன். அனுமதி தருபவரே அந்த அனுமதிகளைத் தணிக்கை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் தன் முடிவைத் தானே சரிபார்க்க முடியாது என்பதால் வைத்த விதி அது. ஹேக்கின் நகரத்தில் காப்பவர், அனுமதிப்பவர், ஆபத்து எது என்று முடிவுசெய்பவர் எல்லாம் ஒரே கூடாரம்.

பாதுகாப்பு வேண்டுமென்றால் பேச்சைக் கொஞ்சம் விட்டுக்கொடு என்ற பேரமும் கணக்கில் தவறு. 1987இல் அதே ஜெர்சி சிட்டியில் ‘டாட்பஸ்டர்ஸ்’ என்ற பெயரில் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். பொட்டு வைத்த பெண்கள் தெருவில் நடக்க அஞ்சினார்கள். காவல்துறை போதிய அக்கறை காட்டவில்லை என்று நினைத்தவர்கள் கூட்டம் போட்டுக் குரல் எழுப்பினார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பைத் தேடும் வழியே பொதுவெளியில் பேசுவதாக இருந்தது. அந்தத் தெருவை முன்பே மீட்டுக் கொடுத்தவர்கள், படகேற்றி அனுப்பப்பட்ட வெளியூர்க்காரர்கள்.

ஜெர்சி சிட்டி விதி செய்த அதே 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அவரும் பொது அமைதி என்றுதான் சொன்னார். மக்கள் சோறு போட்டார்கள். சென்னையில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் காவல் ஆணையரின் அனுமதியைக் கேட்க வைப்பதைப் போராடிய எவரும் அறிவார்.

நான் இருக்கும் ஹியூஸ்டனில், ஹில்க்ராஃப்ட் பகுதிக்கு 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். மளிகைக்கும் நகைக்கும் புடவைக்கும் குடும்பத்தோடு போகிறோம். நல்ல வெளிச்சம், நல்ல காவல் வேண்டும் என்று கேட்கிறோம். நியாயம்தான். அனுமதி வாங்காமல் நடந்த ஒரு மனிதரின் பெயர் அது. நாளை நமக்குக் கொஞ்சமும் பிடிக்காத நாலு பேர் அந்த நடைபாதையில் துண்டறிக்கையோடு நின்றால் போலீஸுக்கு ஃபோன் செய்து என்ன சொல்வோம்? இவர்களை அப்புறப்படுத்துங்கள் என்றா, இவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றா? இரண்டாவதைச் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருக்கும். சொல்லவேண்டியது அதுதான்.